கழுவாத வண்டி

இளையபெருமாளுக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. காரணம் இருந்தால் இன்னும் நன்றாக வரும், அவ்வளவுதான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அவன் பட்டறை. வண்டியை ரிப்பேருக்கு விட வருகிறவர்கள் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியில்லை என்றால் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள். டீ குடித்துவிட்டு வந்தும் முகம் சரியாகாத நாட்கள் உண்டு. ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும். பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் என்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பழைய மோட்டார் சைக்கிள்களை நம்பி விட அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம் அவன் திருச்சியிலிருந்து வந்து பட்டறை போட்டான். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் காண்டிராக்டர்கள், அரும்பாவூர் மிராசுகள், ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கும் கிழவர்கள் என்று அவனுக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் வண்டிகள். நட்டு போல்ட்டுகூட வேறு அளவு. அதற்கென்று தனி ஸ்பேனர் செட் வைத்திருந்தான். யாராவது "ஒரு நிமிஷம் குடுப்பா" என்று அதில் கை வைத்தால் தொலைந்தார்கள்.

அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. கழுவாத வண்டியைத் தொட மாட்டான். வந்த வண்டியை வந்த கையோடு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து டேங்க் மூடியிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் தேய்த்துத் துடைப்பான். மண், கிரீஸ், கோழி எச்சம், சாமிப் பொட்டு, எல்லாம் போக வேண்டும். இரும்பு இரும்பாகத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பான். அவசரப்படுகிறவர்களிடம், "சாணியோட பாக்குறதுக்கு நான் என்ன மாட்டாஸ்பத்திரியா வச்சிருக்கேன்?" என்பான். இந்தச் சட்டத்தைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமைதான் அவன் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தது. அதை அவன் தெரிந்துகொண்டபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

தங்கை பெயர் மலர்கொடி. அப்பா இல்லை. அம்மா உண்ணாமலை வீட்டில் சமைத்து, மகள் கையில் கேரியரைக் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்புவாள். அப்படி ஒரு மதியம் சோறு கொண்டுவந்தவளை, வண்டியோடு வந்திருந்த உடையார்பாளையம் கிருஷ்ணமூர்த்தி பார்த்தார். நெல் வயலும் முந்திரிக்காடும் உள்ள ஆள். அவருடைய அப்பா மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பி.எஸ்.ஏ.யை இவர் தன் கௌரவமாக வைத்திருந்தார். ஊரில் அவர்கள் வீட்டுக்கே 'பி.எஸ்.ஏ.காரங்க வூடு' என்றுதான் பெயர். அவரே வாய் விட்டுத் தன் மகனுக்குப் பெண் கேட்டார். இளையபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைவேலையைப் பார்த்துத்தான் இவ்வளவு பெரிய இடத்திலிருந்து பெண் கேட்கிறார்கள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை முத்தமிழ்செல்வன் நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா உட்கார் என்றால் உட்காருவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். பெண் கொடுக்கிறவர்கள் இதையும் நல்ல குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் ஆட்களின் புத்தி அப்படி.

கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமை மாமியார் தனம் சந்தனக் கிண்ணத்தை மருமகள் கையில் கொடுத்தாள்.

"இந்த வூட்டுக்கு லச்சுமியே அந்த வண்டிதான். இத்தன நாளு ஆயுத பூஜைக்கு மட்டும் நான் வச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே வெள்ளிக்கு வெள்ளி நீதான் வைக்கணும். பழசத் தொடச்சுடாத. வச்ச பொட்ட அழிச்சா குடும்பத்துக்கு ஆவாது. அது மேலயே வை."

மலர்கொடி தலையாட்டினாள். விளக்கில், டேங்கின் இரண்டு பக்கமும், மேலே, எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கெல்லாம் மணக்க மணக்கச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். புது மருமகள். கை தாராளமாகத்தானே இருக்கும்.

ஆனி மாதம் வண்டி நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நன்றாகப் போகும், பிறகு விக்கும், இழுக்காமல் முனகும், நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி கொஞ்ச தூரம் போய் நிற்கும். கிருஷ்ணமூர்த்தி ஒருவழியாகப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இளையபெருமாள் வழக்கப்படி கழுவினான். பிளக்கைப் பார்த்தான், பாயிண்டைத் தேய்த்தான், கார்பரேட்டரைப் பிரித்து ஊதினான். பாடாலூர் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினான். எங்கேயும் நிற்கவில்லை. "ஒண்ணுமில்ல மாமா, கார்பரேட்டர்ல தூசி. எடுத்துட்டேன்" என்றான். அவர் ஓட்டிக்கொண்டு போனார். அடுத்தடுத்த வெள்ளிகளில் பொட்டு ஏறியது. வண்டி மறுபடி நின்றது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துக்கொள்வது முறை. சீர்வரிசையோடு போய் மலர்கொடியைக் கூட்டிவந்தார்கள். அதே வாரம் வண்டியும் பட்டறைக்கு வந்தது. கழுவினான், பார்த்தான், ஒன்றுமில்லை, அனுப்பினான். ஆடி முழுக்க வண்டி சிட்டாகப் பறந்தது. ஜெயங்கொண்டம், அரியலூர், தா.பழூர், எங்கே போனாலும் ஒரு முக்கல் முனகல் கிடையாது. ஆவணியில் மலர்கொடி புகுந்த வீடு திரும்பினாள். ரெண்டாவது வெள்ளி தாண்டவில்லை, வண்டி நடுரோட்டில் நின்றது.

தனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அவ இருந்தா நிக்கிது. அவ இல்லாட்டி ஓடுது. இதுக்கு மேல ஒரு சோசியன் வந்து சொல்லணுமா?" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஓர் ஆள்கூட, ஏம்மா, இரும்புக்கு மருமகளைத் தெரியுமா என்று கேட்கவில்லை. பெண்ணைப் பற்றி ஒரு கெட்ட பேச்சு கிடைத்தால் அதை மெல்லுவதற்கு ஊருக்கு எத்தனை பல் முளைக்கிறது!

பேச்சு பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது இளையபெருமாள் ஒரு நார்ட்டன் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தான். கையில் இருந்த சுத்தியலைத் தகரக் கதவில் எறிந்தான். கதவில் விழுந்த குழி கடைசி வரை நிமிரவில்லை. "எந்தங்கச்சியப் பாத்து ராசியில்லாதவங்கிறாளா? அந்த வண்டிய அக்கு அக்கா கழட்டி என்னான்னு காட்டுறேன்" என்று கத்தினான். அன்று முழுக்க ஒருத்தரும் பட்டறைப் பக்கம் வரவில்லை.

புரட்டாசியில் கிருஷ்ணமூர்த்தியின் அக்கா இறந்துபோனாள். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செய்தி கேட்டதும் அவர் பி.எஸ்.ஏ.யை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது வழியெல்லாம் நின்றது. அவர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் சிதை எரிந்துகொண்டிருந்தது. தூக்கி வளர்த்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மனுஷருக்கு வந்த துக்கம் நியாயமான துக்கம். அதை அவர் யார் தலையில் இறக்கினார் என்பதுதான் அநியாயம். மறுநாள் பட்டறைக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போன் செய்தார்.

"இளையபெருமாளு, ஒன் தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போயிடு. வண்டியயும் எடுத்துட்டுப் போ. ரெண்டுல எதுல கோளாறுன்னு பாத்துச் சொல்லு."

ரெண்டுல எதுல கோளாறு! அந்த ஒரு வார்த்தையை இளையபெருமாள் வாழ்நாளில் மறக்கவில்லை. ஒரு மினி லாரியில் வண்டியை ஏற்றி, முன்னால் டிரைவர் பக்கத்தில் மலர்கொடியை உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தான்.  வழி நெடுக அவன் அந்தக் குடும்பத்தின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்தான்.

வண்டியைக் கழுவி, மேக்னெட்டோவைக் கழற்றினான். அந்த வண்டிகளுக்கு பேட்டரி இல்லாமல் பொறி கொடுப்பது அதுதான். உள்ளே இருக்கும் கண்டென்சர் கெட்டால் சூடு ஏறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும். நோய்க்குறி அச்சு அசலாக அதுதான். "புடிச்சுட்டேன்டா" என்று தொடையில் தட்டிக்கொண்டு திருச்சிக்கு எடுத்துப்போய்க் கண்டென்சரை மாற்றி, கம்பியும் புதிதாகச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினான். அவனுக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை.

புரட்டாசி முடிவதற்குள் முத்தமிழ்செல்வன் வண்டியை எடுக்க வந்தான். பஸ்ஸில் வந்து இறங்கி, பட்டறையில் நின்று, புதுப்பித்த மேக்னெட்டோவைப் பார்த்து, "நல்லா இருக்குங்க மச்சான்" என்றான். டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தான். இளையபெருமாள் காத்திருந்தான். வீட்டுக்குப் போய் மலரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தான். வீடு ரெண்டு தெரு தள்ளி. மாப்பிள்ளை உதைத்தான், வண்டி கிளம்பியது, போய்விட்டான். இளையபெருமாளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. வீட்டில் சொல்லக்கூடாது என்று நினைத்தான். ஆனால் டீக்கடைக்காரர் வீட்டம்மா மூலமாகச் சாயந்திரத்துக்குள் மலர்கொடிக்குத் தெரிந்துவிட்டது.

தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும் சட்டையும் மோதிரமும் வாங்கித் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். உண்ணாமலை எண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். தெருவில் மற்ற வீடுகளில் மாப்பிள்ளைகள் வெடி வெடித்தார்கள். இந்த வீட்டில் காய்ச்சிய எண்ணெய் ஆறியது. மலர்கொடி தானே எழுந்து போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து தின்றாள். "ஏன் இப்புடி மொறைக்கிற? பசிக்கிது, திங்கிறேன்" என்றாள் அண்ணனிடம்.

உடையார்பாளையத்திலோ வண்டி நன்றாக ஓடியது. பெண் இல்லை, அதனால் பொட்டு இல்லை. வண்டி ஓட ஓட, அங்கே பேச்சு உறுதிப்பட்டது.

இளையபெருமாள் எல்லாரிடமும் மேக்னெட்டோதான் காரணம் என்று அடித்துச் சொன்னான். பொங்கல் கழிந்ததும் சீரோடு தங்கையைக் கூட்டிக்கொண்டு போய், "மாமா, கோளாறு வண்டியிலதான். சரி பண்ணியாச்சு. இனிமே நின்னா என்னைய செருப்பால அடிங்க" என்று சொல்லி விட்டுவிட்டு வந்தான்.  தனம், "ராசி மாறணும்னா வெள்ளி மட்டும் பத்தாது. செவ்வாயும் பொட்டு வச்சுடு" என்றாள். மலர்கொடி செவ்வாயும் வைத்தாள். அந்த வண்டி ஓட வேண்டும் என்று அவளைவிட அதிகமாக வேண்டிக்கொண்ட ஜீவன் உலகத்தில் கிடையாது. முன்பைவிடக் கெட்டியாகக் குழைத்து அப்பினாள்.

தை முடிவதற்குள் பூத்துக்காரர் ஓடிவந்து, "உடையார்பாளையத்துலேருந்து போனு" என்றார். இளையபெருமாள் போய் ரிசீவரை எடுத்தான். கிருஷ்ணமூர்த்தி, "நின்னுடுச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பட்டறையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் பஸ் ஏறினான். மண்ணெண்ணெய் இல்லை, பிரஷ் இல்லை, டவுசர் பையில் ரெண்டு ஸ்பேனர் மட்டும். அரியலூரில் பஸ் மாறி, உடையார்பாளையத்தில் இறங்கி நடந்தபோது அவனுக்குள் எரிந்ததை எப்படிச் சொல்வது? மாமியார் மேல் கோபம், மாமனார் மேல் கோபம், வாய் செத்த மாப்பிள்ளை மேல் கோபம், அந்த மேக்னெட்டோவைச் சுற்றிக் கொடுத்தவன் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில், சொன்ன வாக்குப் பொய்யாகிவிட்டதே என்று தன் மேலேயே அடங்காத கோபம்.

மலர்கொடி பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வீட்டுக்குள் போகவில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போறேன். ஓட்டிக்கிட்டே போறேன். நடுவழியில கொளுத்திப் போட்டாலும் போடுவேன்" என்று வீட்டைப் பார்த்துச் சொன்னான்.  அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, கழுவாத ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பினான். தங்கை பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அரியலூர் ரோட்டில், முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில் அது விக்க ஆரம்பித்தது. முனகியது. நின்றது.

இளையபெருமாள் இறங்கி உதைத்தான். ஏழெட்டு உதைக்கும் அது அசையவில்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தான். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது! அப்படியானால் இத்தனை நாளும் அவன் பிடித்துத் தொங்கிய காரணம் பொய். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதியை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. மலர்கொடி வண்டியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் தலையைத் தூக்காமலே கத்தினான்.

"நீ ஏன் அதத் தொட்டுக்கிட்டே நிக்கிற? செத்த அந்தாண்ட தள்ளிப் போயி நில்லு!"

அவள் கையை எடுத்தாள். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

சொன்னது என்ன என்பது அவன் காதில் விழவில்லை. அவன் பெட்ரோல் குழாயைக் கார்பரேட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். குழாயில் நாலு சொட்டு விழுந்து நின்றுபோனது. டேங்கைக் குலுக்கினான். நிறையப் பெட்ரோல் தளும்பியது. இருக்கிற பெட்ரோல் ஏன் இறங்கவில்லை? டேங்குக்குள் என்ன எழவு அடைத்திருக்கிறது என்று மூடியைத் திருகினான். இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துத் திருப்பியதும் உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தக் கணமே கீழே குழாயிலிருந்து பெட்ரோல் ஒண்ணுக்குப் போகிற மாதிரி கொட்டியது.

இளையபெருமாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அந்த மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்கு. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. இப்போது அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பொட்டின் மேல் பொட்டாக, சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறிச் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. வழியில் நின்றபோதெல்லாம், பெட்ரோல் இருக்கிறதா என்று யாராவது மூடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். காற்று புகுந்திருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். ஆறியதால் கிளம்பியது என்று அவர்கள் சொன்னார்கள், அவனும் நம்பினான். ஆறவிட்ட கால் மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அவனே அந்த மூடியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, நோயைத் துடைத்தெறிந்துவிட்டு நோயைத் தேடியிருக்கிறான். பொட்டு வைப்பவள் இருந்தால் நின்றது, இல்லாவிட்டால் ஓடியது. மாமியார் கண்ணால் பார்த்தது உண்மைதான். அவள் சொன்ன காரணம்தான் பொய்.

"மலரு!" என்று கத்தினான். "கண்டுபுடிச்சுட்டேன்! இந்த மூடி மலரு! உம்மாமியா வைக்கச் சொன்ன பொட்டு! வா, ஏறு, அந்தப் பொம்பள மூஞ்சியில கொண்டுபோய்ப் பூசுறேன்!"

அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து, "நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

அவனுக்கு நின்று கேட்கப் பொறுமை இல்லை. பிளக்கை மாட்டி, குழாயை மாட்டி, ஸ்பேனர் முனையால் ஓட்டை மேலிருந்த பூச்சை மட்டும் பெயர்த்து, வந்த வழியே விரட்டினான். வண்டி முரட்டுக் காளையாகப் பாய்ந்தது.

மூடியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து, கிருஷ்ணமூர்த்தியின் முன்னால் வைத்தான். தொண்டை கிழிய விளக்கினான். தெருவே கூடிவிட்டது. பழசை அழிக்காதே என்று சொன்னது யார், செவ்வாயும் வை என்றது யார் என்று தனத்தைப் பார்த்துக் கேட்டான். தனம், "நான் பொட்டு வைன்னேன். பூசி மொழுகச் சொன்னனா?" என்று முணுமுணுத்து உள்ளே போனாள். கிருஷ்ணமூர்த்தி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய் விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, இவ்ளோதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டன்ப்பா."

"எந்தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றீங்க?"

"அதான் வண்டி சரியாயிடுச்சே, அப்பறம் என்ன? எங்க வுட்டுட்டு வந்த புள்ளைய? டேய் செல்வம், கூடப் போயி கூட்டியா. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா சாப்புடுவம்."

அடித்திருந்தால்கூட இளையபெருமாள் தாங்கியிருப்பான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். இந்தச் சிரிப்பை என்ன செய்வது? ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தி, தலை தீபாவளியைப் பாழாக்கி, பெட்டி கட்ட வைத்துவிட்டு, 'இவ்ளோதானா'! கை முறுக்கியது. ஆனால் தங்கை வாழ வேண்டிய வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து மூடியை டேங்கில் மாட்டினான். முத்தமிழ்செல்வன் பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி போகிற போக்கில் எஞ்சின் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டு ஒரு நிமிஷம் மனசு பூரித்துவிட்டது. அதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டான்.

மலர்கொடி அதே இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு மைல் கல் மேல் உட்கார்ந்திருந்தாள். முத்தமிழ்செல்வன் இறங்கிப் போய் எதிரில் நின்றான்.

"வா மலரு, போலாம். அப்பா கூட்டியாரச் சொல்லிட்டாரு. வண்டியிலதான் கோளாறாம்."

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் இத்தனை மாதமாக அண்ணன் போட்ட கூச்சல் எல்லாவற்றையும்விட அதில் சூடு இருந்தது.

"வண்டிய எடுக்க பெரம்பலூரு வந்தீங்களே. ரெண்டு தெரு தள்ளித்தான் நான் இருந்தேன். வண்டி நிக்கிதுன்னு என்னைய வெரட்டுனீங்க, ஓடுதுன்னு கூப்புடுறீங்க. நாளைக்கு கெணத்து மோட்டாரு நிக்கும், மாடு படுக்கும். அப்பல்லாம் நான் பையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?"

"அப்பா சொன்னாருன்னு..." என்று அவன் இழுத்தான்.

"அவரு சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

முத்தமிழ்செல்வன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஆளுக்குப் பதில் சொல்லவும் யாராவது வேண்டும். இளையபெருமாள் முன்னால் வந்தான். "மலரு, கோவத்துல முடிவெடுக்காத. அதான் ஒம்மேல தப்பில்லன்னு நானே கண்டுபுடிச்சு ஊருக்கே காட்டிட்டேன்ல? இனிமே ஒருத்தன் ஒரு வார்த்த பேச முடியுமா?"

"மூடிய நீ எப்பத் தொறந்த?" என்றாள் அவள்.

"எப்பன்னா?"

"என்னைய அந்தாண்ட போயி நில்லுன்னு சொன்னியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இளையபெருமாளுக்கு அப்போதுதான் தான் கத்தியது காதில் விழுந்தது. வாயைத் திறந்தான்.  ஏதோ கோபத்தில் சொன்னேன் என்று சொல்லலாம். கோபத்தில் பொய் வருவதில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகிற பஸ் வந்தது. மலர்கொடி எழுந்து ரோட்டோரம் வந்து கையைக் காட்டினாள். பஸ் நின்றது, ஏறிக்கொண்டாள். முத்தமிழ்செல்வன் அசையாமல் நின்றான். இளையபெருமாள் வண்டியை அவன் கையில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றினான்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். அவன் அருகில் போய் நின்றும் அவள் அதை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்தார்.

"அரியலூரு ரெண்டு" என்றான் இளையபெருமாள், தங்கையைக் கை காட்டி.

"அந்தம்மா ஏறுனதுமே எடுத்துட்டாங்களே" என்றார் கண்டக்டர். "ஒங்களுக்கு ஒண்ணு தரட்டுமா?"

அவன் ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அரியலூர் வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.